உலோக சல்பைடு நானோதுகள் தயாரிப்பு: முன்னோடிச் சேர்மங்களைத் தேர்ந்தெடுப்பதும் கையாள்வதும்

துத்தநாக உப்புக் கரைசலில் சோடியம் சல்பைடை ஊற்றினால் வெள்ளையாக வீழ்படிவு வரும். அதுவும் துத்தநாக சல்பைடுதான். 4 நானோமீட்டர் அளவில் சீராக அமைந்து, கரைசலில் படியாமல் நிற்கும் துகளும் துத்தநாக சல்பைடுதான். உலோகமும் கந்தகமும் எந்தச் சேர்மத்தின் வடிவில் உள்ளே வந்தன, எவ்வளவு வேகத்தில் விடுபட்டுச் சந்தித்தன என்பதே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் வெப்பநிலையையும் நேரத்தையும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது முன்னோடியை, அதாவது உலோகத்தையோ கந்தகத்தையோ வினைக்குள் கொண்டுவரும் சேர்மத்தை. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றியதுதான்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்?

1950-இல் லாமெர், டினேகர் இருவரும் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறைக்கு இன்றும் அடித்தளம். அவர்கள் எடுத்துக்கொண்டது சல்பைடு அல்ல, கந்தகத் துகள்கள். தயோசல்பேட்டில் அமிலம் சேர்த்தால் கந்தகம் மெல்ல விடுபட்டுக் கரைசலில் சேரும். ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று கருக்கள், அதாவது துகள் வளரத் தொடங்கும் நுண்ணிய புள்ளிகள், தோன்றும். அதோடு கரைந்துள்ள அளவு எல்லைக்குக் கீழே இறங்கிவிடும். பிறகு புதுக் கரு உருவாகாது, இருக்கும் கருக்கள் மட்டும் வளரும். எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தோன்றி ஒரே காலம் வளர்வதால் அளவும் ஒன்றாக அமையும்.

சல்பைடுகளுக்கும் இதே கணக்குதான். முன்னோடி வேகமாகச் சிதைந்தால் நிறையக் கருக்கள். இருக்கும் பொருள் அத்தனைக்கும் பங்கிடப்படுவதால் துகள் சிறியது. மெதுவாகச் சிதைந்தால் கருக்கள் குறைவு, துகள் பெரியது. கரைசல் கலப்பதைவிட வினை வேகமாக நடந்துவிட்டால் மட்டும் இந்தக் கணக்கு உடைந்துபோகும். குடுவையின் ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வோர் அளவில் துகள் வரும்.

முதல் படி: உலோக சல்பைடின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

கரைதிறன் பெருக்கத்தைப் பாருங்கள்; இந்த எண் சிறியதாக ஆகச் சேர்மம் நீரில் கரைவது குறையும். துத்தநாக சல்பைடுக்கு அது 10⁻²⁴ அளவில் இருக்கிறது. காட்மியம் சல்பைடுக்கு 10⁻²⁷, ஈய சல்பைடுக்கு 10⁻²⁸, தாமிர சல்பைடுக்கு 10⁻³⁶, வெள்ளி சல்பைடுக்கு 10⁻⁵⁰ அளவில். நூலுக்கு நூல் ஓரிரு அடுக்கு மாறும், வரிசை மாறாது. வெறும் சல்பைடு அயனியைக் கண்டால் இவை எல்லாமே நொடியில் வீழ்படிவாகிவிடும் என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள். அந்த அவசரத்தை இரண்டு பக்கமிருந்தும் கட்டுப்படுத்தலாம்: கந்தகத்தை மெதுவாக வெளிவிடும் சேர்மத்தைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது உலோகத்தை ஈனிகளால் (உலோக அயனியோடு ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறுகளால்) இறுகப் பிடித்து வைக்கலாம்.

ஈனியைத் தேர்ந்தெடுக்கப் பியர்சன் 1963-இல் சொன்ன வன்–மென் அமிலக் காரக் கொள்கை கைகொடுக்கும்: மென்மையானது மென்மையானதோடும், வன்மையானது வன்மையானதோடும் நன்றாகச் சேரும். தாமிரம்(ஒன்று), வெள்ளி, காட்மியம் போன்ற மென்மையான அயனிகளைத் தயால் (கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி கொண்ட கரிமச் சேர்மம்) இறுகப் பிடிக்கும். இண்டியம் போன்ற வன்மையான அயனிகள் கார்பாக்சிலேட்டோடு நன்றாக ஒட்டும். தாமிர இண்டியம் சல்பைடு செய்யும்போது டோடெகேன்தயால் சேர்ப்பதன் காரணம் இதுதான்: தாமிரம் இயல்பாகவே முந்திக்கொண்டு கந்தகத்தோடு சேரும்; தயால் அதைப் பிடித்து நிறுத்தி இண்டியத்தின் வேகத்துக்கு இறக்குகிறது.

இரண்டாம் படி: கந்தக மூலத்தை வேகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

சோடியம் சல்பைடு மிக வேகமானது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஒன்பது நீர் மூலக்கூறுகள் கொண்ட படிகம். 1 மில்லிமோலுக்கு 240 மில்லிகிராம். நீரற்றது என்று நினைத்து 78 மில்லிகிராம் எடுத்தால் கந்தகம் மூன்றில் ஒரு பங்குதான் போகும். இது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும், ஆக்சிஜனோடு சேர்ந்து பாலிசல்பைடாகவும் தயோசல்பேட்டாகவும் மாறும். நிறமற்ற, உலர்ந்த படிகங்களைப் பொறுக்கி எடுங்கள். மஞ்சள் ஏறிய கட்டியை எடையில் சேர்க்காதீர்கள். கரைசலை அன்றன்றைக்குத் தயாரியுங்கள்.

தயோஅசிட்டமைடு நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் சல்பைடையும் அசிட்டமைடையும் தரும். அமிலமும் காரமும் இதை முடுக்கும். நடுநிலையில் மிக மெதுவாக நடக்கும். அதனால் வெப்பநிலை, பிஎச் என்ற இரண்டு பிடிகளைக் கொண்டே வேகத்தை நீங்கள் நினைத்த இடத்தில் நிறுத்தலாம். புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற ஐயத்துக்குரிய பொருள் இது. கையுறை இல்லாமல் தொடக் கூடாது, தூள் பறக்க விடக் கூடாது. தயோயூரியா இதைவிட மெதுவானது. காரக் கரைசலில் சல்பைடை வெளிவிடும். காட்மியம் சல்பைடு மென்படலங்களை வேதிக் குளியல் முறையில் படியவைக்கப் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

கரிமக் கரைப்பானில் வேலை செய்வோருக்குத் தனிமக் கந்தகம் மலிவு, எளிது. அதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது எடைக் கணக்கு: கந்தகம் எட்டு அணு வளையமாக இருந்தாலும் முன்னோடிக் கணக்கை அணுவுக்குத்தான் போட வேண்டும். 32 மில்லிகிராம் என்பது 1 மில்லிமோல் கந்தக அணு. ஆய்வுக் கட்டுரையில் கந்தகம் 1 மில்லிமோல் என்று மட்டும் போட்டிருந்தால் அணுவா, வளையமா என்று உலோக விகிதத்தை வைத்துச் சரிபாருங்கள்.

இரண்டாவது, கரைப்பான் சும்மா இருப்பதில்லை. ஓலியைல் அமீன் என்ற நீண்ட கார்பன் சங்கிலி கொண்ட கரைப்பானில் கந்தகத்தைக் கரைத்தால் ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரை நிறம் வரும். அது கரைந்த கந்தகத்தின் நிறம் அல்ல, அமீனும் கந்தகமும் சேர்ந்து உண்டான அல்கைல் அம்மோனியம் பாலிசல்பைடுகளின் (கந்தக அணுக்கள் சங்கிலியாகத் தொடரும் சல்பைடுகளின்) நிறம். 2011-இல் ஓசின் குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். சூடாக்கும்போது இந்தப் பாலிசல்பைடுகள் மிகுதியான அமீனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன, தயோஅமைடும் உண்டாகிறது. துகளை உண்மையில் உருவாக்குவது அந்த ஹைட்ரஜன் சல்பைடுதான். ஆகவே அறை வெப்பத்தில் கரைத்த கரைசலும், முன்பே சூடாக்கி வைத்த கரைசலும் ஒரே முன்னோடி அல்ல. எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரம், எப்போது தயாரித்தது என்று குறிப்பேட்டில் எழுதாமல் விட்டால், வேலை ஒருநாள் வரும், மறுநாள் வராது. ஆக்டடெசீனில் கரைத்த கந்தகத்துக்கும் இது பொருந்தும். இரட்டைப் பிணைப்பு உள்ள அந்தக் கரைப்பானோடும் கந்தகம் வினைபுரியும்.

அடுத்தது பிஸ்(டிரைமெத்தில்சிலைல்) சல்பைடு. 2003-இல் ஹைன்ஸ், ஸ்கோல்ஸ் இருவரும் ஈய ஓலியேட்டோடு (ஈயத்தின் ஓலிக் அமில உப்போடு) இதைச் சேர்த்துச் சீரான ஈய சல்பைடு துகள்களைச் செய்து காட்டிய பிறகு பரவலானது. மிக வேகமானது. ஈரம் பட்டாலே ஹைட்ரஜன் சல்பைடு வரும், நாற்றமோ தாங்க முடியாது. நைட்ரஜன் சூழலில் கையாளப் பழகாதவர் இதைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து.

அதற்கு மாற்றாக நான் மனதாரப் பரிந்துரைப்பது பதிலிட்ட தயோயூரியாக்களை. 2015-இல் ஓவன் குழுவினர் ஒரு வரிசையையே வெளியிட்டார்கள். தயோயூரியாவின் நைட்ரஜனில் எந்தத் தொகுதியை வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஈய ஓலியேட்டோடு வினைபுரியும் வேகம் ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் மாறுகிறது. இரண்டு பக்கமும் அரோமாட்டிக் வளையம் இருந்தால் வேகம். நான்கு இடத்திலும் அல்கைல் தொகுதி இருந்தால் மிக மெதுவு. அதே வெப்பம், அதே செறிவு, அதே குடுவை. தயோயூரியாவை மட்டும் மாற்றித் துகளின் அளவை மாற்றலாம். ஐசோதயோசயனேட்டையும் அமீனையும் கலந்தால் பெரும்பாலும் அறை வெப்பத்திலேயே உருவாகும். காற்றில் கெடாத திண்மம். முன்னோடி வேதியியல் என்றால் என்ன என்று ஒருவருக்குக் காட்ட இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் படி: உலோக உப்பில் எதிரயனியைக் கவனியுங்கள்

எதிரயனி என்பது உப்பில் உலோகத்தோடு சேர்ந்திருக்கும் எதிர்மின் அயனி. நீரில் செய்வதானால் அசிட்டேட் நல்ல தொடக்கம். கரிமக் கரைப்பானில் நைட்ரேட்டைத் தவிருங்கள்: ஆக்சிஜனேற்றி அது, சூடான அமீனோடு சேர்ப்பது ஆபத்து, சல்பைடையும் கெடுக்கும். குளோரைடு கரைவது எளிது, ஆனால் குளோரைடு அயனி துகளின் மேற்பரப்பில் தங்கி வளர்ச்சியை மாற்றும்.

ஓலியேட் தயாரிக்கும்போது உண்டாகும் துணைப்பொருளை வெளியேற்றுவதில்தான் பாதி வெற்றி. ஆக்சைடிலிருந்து வந்தால் நீர், அசிட்டேட்டிலிருந்து வந்தால் அசிட்டிக் அமிலம். ஈய ஆக்சைடு 223 மில்லிகிராம் என்பது 1 மில்லிமோல். அதற்குக் குறைந்தது 2 மில்லிமோல் ஓலிக் அமிலம், அதாவது 565 மில்லிகிராம் வேண்டும். நடைமுறையில் இன்னும் கூடுதலாகவே எடுப்பார்கள். ஆக்டடெசீனில் போட்டு 100 முதல் 120 டிகிரி செல்சியஸில் கிளறிக்கொண்டிருந்தால், மஞ்சளாகக் கலங்கியிருந்தது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். தெளிந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள். நீர் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. வெற்றிடத்தில் குமிழி முற்றிலும் அடங்கும்வரை அதே வெப்பத்தில் வையுங்கள். அசிட்டேட் மிச்சம் இருந்தால் உருண்டைக்குப் பதில் வேறு வடிவங்கள் வரும்.

கரைப்பானின் தூய்மையையும் எழுதி வையுங்கள். ஓலியைல் அமீன் 70 சதவீதத் தரத்தில்தான் பரவலாகக் கிடைக்கிறது. மீதி 30 சதவீதம் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும் மாறும். புட்டியின் தொகுதி எண் இல்லாத குறிப்பு அரைக் குறிப்புதான்.

தொடங்கும் முன்: ஹைட்ரஜன் சல்பைடு

இந்த வேலையில் எந்த வழியில் போனாலும் இந்த வாயு வரும். 1 பிபிஎம்-க்குக் (பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக்) குறைவிலேயே அழுகிய முட்டை வாடையை மூக்கு பிடித்துவிடும். 100 பிபிஎம் அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப்போகும். வாடை நின்றதால் வாயுவும் போய்விட்டது என்று நினைப்பவர்தான் மயங்கி விழுவார். ஆகவே எல்லாம் ஃப்யூம் ஹூடுக்குள், உடையில் வாயு உணர்வியோடு, தனியாக இல்லாமல். குடுவையிலிருந்து வெளிவரும் வாயுவைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் வழியாகவும், அடுத்துத் தாமிர சல்பேட் கரைசல் வழியாகவும் விடுங்கள். நீலக் கரைசலில் கருப்பு படிந்தால், வாயுவைப் பிடிக்கும் முதல் பொறியான ஹைட்ராக்சைடு கரைசல் நிரம்பிவிட்டது என்று அறியலாம். முதல் பொறியில் சல்பைடு இருக்கிறது. அதில் ஒருபோதும் அமிலம் சேரக் கூடாது.

நான்காம் படி: ஒரே துத்தநாகம், இரண்டு கந்தகம்

முதல் சோதனைக்குக் காட்மியமும் ஈயமும் வேண்டாம். துத்தநாக சல்பைடு போதும்.

துத்தநாக அசிட்டேட் டைஹைட்ரேட் 220 மில்லிகிராம், அதாவது 1 மில்லிமோல் எடுத்து 50 மில்லிலிட்டர் நீரில் கரையுங்கள். துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க 0.2 கிராம் பாலிவினைல் பைரோலிடோன் சேருங்கள். இதே கரைசலை இரண்டு குடுவைகளில் தயாரியுங்கள்.

முதல் குடுவையில், வேகமாகக் கிளறிக்கொண்டே, 240 மில்லிகிராம் சோடியம் சல்பைடைக் கரைத்த 10 மில்லிலிட்டர் நீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒவ்வொரு சொட்டும் விழும் இடத்தில் வெள்ளை தெரியும். கலவைக்கு நேரமே கொடுக்காத வினை என்பது கண்ணுக்கே தெரிகிற இடம் அது.

இரண்டாவது குடுவையில் தயோஅசிட்டமைடு 300 மில்லிகிராம், அதாவது 4 மில்லிமோல் சேர்த்து, மேலே குளிர்விப்பானைப் பொருத்தி 80 டிகிரியில் வையுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. அவசரப்பட்டு வெப்பத்தை ஏற்றாதீர்கள். கருப்புத் துணியைப் பின்னால் பிடித்து, பக்கவாட்டில் டார்ச் ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். கரைசலுக்குள் மெல்லிய நீலச் சாயல் தெரியத் தொடங்கும். சிறு துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது அது. பிறகுதான் பால்போல வெளுக்கும். முதல் நீலச் சாயல் தெரியும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வெப்பத்தில் பிஎச்-ஐ மட்டும் மாற்றி இந்த நேரம் எப்படி நகர்கிறது என்று பார்த்தால், முன்னோடி சிதையும் வேகத்தை ஒரு கருவியும் இல்லாமல் அளந்துவிட்டீர்கள்.

ஐந்தாம் படி: மாங்கனீசு சேர்ப்பது

துத்தநாக சல்பைடில் ஓரிரு சதவீதம் மாங்கனீசு புகுந்தால் புறஊதா ஒளியில் ஆரஞ்சு மஞ்சளாக ஒளிரும். உமிழ்வு 590 நானோமீட்டரை ஒட்டி வரும். 2 சதவீதம் என்றால் 0.02 மில்லிமோல், மாங்கனீசு அசிட்டேட் டெட்ராஹைட்ரேட்டில் வெறும் 4.9 மில்லிகிராம். தராசில் நேரடியாக எடை போட்டால் பிழை மிகும். 245 மில்லிகிராமை 100 மில்லிலிட்டரில் கரைத்து, அதிலிருந்து 2 மில்லிலிட்டர் எடுத்துத் துத்தநாகக் கரைசலில் சேருங்கள்.

போட்ட மாங்கனீசு அத்தனையும் துகளுக்குள் போய்விடும் என்று நம்ப வேண்டாம். மாங்கனீசு சல்பைடின் கரைதிறன் பெருக்கம், வடிவத்தைப் பொறுத்து, 10⁻¹¹ முதல் 10⁻¹⁴ வரை. துத்தநாக சல்பைடைவிடப் பத்து அடுக்குகளாவது அதிகம். கந்தகம் குறைவாக இருக்கும்வரை அது துத்தநாகத்தோடுதான் போகும். துகளைக் கழுவிய பிறகு தனிமங்களின் அளவைக் காட்டும் ஐசிபி கருவியில் மாங்கனீசை அளந்து, அந்த எண்ணையே அறிக்கையில் எழுதுங்கள்.

இன்னொன்று: துத்தநாக சல்பைடின் பட்டை இடைவெளி (ஒளியை உறிஞ்சத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) 3.7 எலக்ட்ரான் வோல்ட்; அதாவது 335 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளத்தைத்தான் அது நன்றாக உறிஞ்சும். கையில் கிடைக்கும் 365 நானோமீட்டர் விளக்கில் மங்கலாகவோ இல்லாமலோ தெரிந்தால் சோதனை தோற்றதாகக் கொள்ளாதீர்கள். 312 அல்லது 254 நானோமீட்டர் விளக்கில், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, குவார்ட்ஸ் குப்பியில் வைத்துப் பாருங்கள்.

ஆறாம் படி: என்ன கிடைத்தது என்று அளப்பது

எக்ஸ்-கதிர் விளிம்பு விலகலில் கனசதுரத் துத்தநாக சல்பைடுக்கு 28.6, 47.6, 56.4 டிகிரிகளை ஒட்டி மூன்று முகடுகள் வர வேண்டும். படிகம் சிறியதாக ஆக முகடு அகலும். 3 நானோமீட்டர் படிகத்துக்கு முகட்டின் அகலத்தையும் படிக அளவையும் இணைக்கும் ஷெர்ரர் சமன்பாட்டின்படி முதல் முகட்டின் அகலம் 2.7 டிகிரி. பின்னிரண்டும் ஒன்றோடொன்று ஓரளவு கலந்து மேடுபோலத் தெரிந்தாலும் பதற்றம் வேண்டாம்.

படிக அளவும் துகள் அளவும் ஒன்றல்ல என்பதை இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். தயோஅசிட்டமைடு வழியில் அழகான ஒரே அளவு உருண்டைகள் கிடைக்கும் என்பதை மாட்டிஜெவிச் 1980-களிலேயே காட்டிவிட்டார். ஆனால் அந்த ஒவ்வொரு உருண்டையும் பல சிறு படிகங்கள் ஒட்டிய தொகுப்பு. ஷெர்ரர் சில நானோமீட்டர் என்று சொல்லும், ஒளிச்சிதறல் கருவி நூற்றுக்கணக்கில் சொல்லும். இரண்டும் சரி. மின்னணு நுண்ணோக்கிப் படத்தைப் பார்க்காமல் ஒன்றை மட்டும் வைத்து நானோதுகள் செய்தேன் என்று எழுதக் கூடாது.

அடுத்த கட்டம்: ஒற்றை மூல முன்னோடிகள்

உலோகமும் கந்தகமும் ஒரே மூலக்கூறில் ஏற்கெனவே பிணைந்திருந்தால் வேலை எளிதாகும். டைதயோகார்பமேட்டுகளும் சாந்தேட்டுகளும் இந்த வகை; பால் ஓ'பிரையன் குழுவினர் இவற்றை வைத்து நிறைய வேலை செய்திருக்கிறார்கள். சோடியம் டையெத்தில் டைதயோகார்பமேட்டை வாங்கி, நீரில் கரைத்து, துத்தநாக உப்போடு 2:1 என்ற விகிதத்தில் கலந்தால் வெள்ளையாக வீழ்படிவு வரும். கழுவி உலர்த்தினால் முன்னோடி தயார். கார்பன் டைசல்பைடிலிருந்து நீங்களே தயாரிக்க முயல வேண்டாம். 100 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே, தீப்பொறி இல்லாமலும், சூடான தட்டு பட்டாலும் பற்றிக்கொள்ளும் திரவம் அது.

இந்த டைதயோகார்பமேட் தனியே சிதைய அதிக வெப்பம் கேட்கும். ஓலியைல் அமீனில் போட்டால் அமீன் கந்தகத்தை ஒட்டிய கார்பனைத் தாக்கி, வெகு குறைந்த வெப்பத்திலேயே சிதைத்துவிடும். கரைப்பானை மாற்றினால் முன்னோடியே மாறிவிட்டதுபோல நடந்துகொள்வதை இங்கே பார்க்கலாம். சாந்தேட்டுகள் இன்னும் எளிதில், 150 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே சிதையும். மிச்சமெல்லாம் பெரும்பாலும் வாயுவாகப் போய்விடுவதால் துகள் சுத்தமாக இருக்கும். ஆனால் வைத்திருந்தால் கெடும். குளிரில், இருட்டில், குறைந்த அளவில் வையுங்கள்.

கழுவுவதும் கழிவும்

நீரில் செய்த துகளை எத்தனால் சேர்த்துச் சென்ட்ரிஃபியூஜில் இறக்கி, நீரில் மறுபடி பரப்பி, இரண்டு மூன்று முறை கழுவுங்கள். முழுக்க உலர்த்திவிட்டால் மறுபடி பரப்புவது கடினம். ஒரு பகுதியை மட்டும் எக்ஸ்-கதிர் சோதனைக்கு உலர்த்தி, மீதியை ஈரமாகவே, இருட்டில் வையுங்கள். ஒளியும் காற்றும் சேர்ந்து மேற்பரப்புச் சல்பைடைச் சல்பேட்டாக்கும்.

தயால் வாடை பிடித்த கண்ணாடிக் கலன்களை ஹைப்போகுளோரைட் கரைசலில் ஊறவைத்தால் வாடை போகும். அதற்கு முன் அமீனையும் அமிலத்தையும் நன்றாகக் கழுவி அகற்றிவிடுங்கள். அமிலத்தோடு குளோரின் வரும், அமீனோடு குளோரமீன்கள் வரும். சல்பைடுக் கழிவுக்குத் தனிப் புட்டி, பிஎச் 10-க்கு மேல், மூடியில் அழுத்தம் சேராதபடி. பக்கத்து மேசைக்காரருக்கும் தெரியும்படி அமிலம் சேர்க்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள்.